நாற்பது நிமிடங்களுக்கு யார் விலை கொடுப்பது?

நல்லூர்த் திருவிழாத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், யாழ்ப்பாண நகரில் கஸ்தூரியார் வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு கமராக் கடையில் அமர்ந்திருந்தேன். கடையின் பெயரும் உரிமையாளரின் பெயரும் இங்கு வேண்டாம். என் பழைய கமரா திடீரென மூடித் திறக்க மறுத்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன், வழமைபோலக் கதையில் அமர்ந்துவிட்டேன்.

அப்போது ஓர் இளைஞர் வந்தார். மணவிழாக்களைப் படமெடுக்கும் தொழிலில் இறங்கப் போவதாகச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கமராவை வெளியே எடுக்கச் சொன்னார். உரிமையாளர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு லென்ஸ்களை மாற்றிப் போட்டுக் காட்டினார். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எது உதவும், எது உதவாது என்று விளக்கினார். முகூர்த்த நேரத்தில் பற்றரி தீர்ந்தால் வரும் அவமானத்தைப் பற்றிச் சிரிப்போடு எச்சரித்தார். வாசலுக்கு அழைத்துச் சென்று வெயிலிலும் படமெடுத்துப் பார்க்கச் செய்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பது நிமிடங்கள் கழிந்திருந்தன. ஈற்றில் அந்த இளைஞர் கமராவின் விலைச்சீட்டைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்தார்.

"ஒன்லைனிலை பதினெட்டாயிரம் குறைவாக் கிடக்குது அண்ணை."

"அப்ப அங்கை வாங்குங்கோ தம்பி," என்றார் உரிமையாளர். குரலில் கோபம் இருக்கவில்லை. கமராவைத் துடைத்து மீண்டும் பெட்டிக்குள் வைத்தார்.

இரண்டு வாரங்களின் பின், என் கமராவைப் பெற்றுக்கொள்ளச் சென்றேன். அதே இளைஞர் அங்கே நின்றார். கையில் புதிய கமரா. ஆனால் அதன் திரையில் தோன்றிய எழுத்துகள் அனைத்தும் யப்பானிய மொழியில் இருந்தன. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென விற்கப்படும் கமராக்கள் சிலவற்றில் மொழியை மாற்றவே முடியாது. அவ்வாறான ஒன்றைத்தான் அவருக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். உரிமையாளர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, தன்னிடமிருந்த அதே ரகக் கமராவை அருகில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் எது வரும் என்று ஒரு கொப்பித் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். மேலும் அரை மணி நேரம்.

"எவ்வளவு அண்ணை?"

"இதுக்கென்ன காசு தம்பி, போட்டு வாங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்த இளைஞர் மீது. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, அதைவிடக் கூடுதலான கோபம் அந்தக் கடைக்காரர் மீது வந்தது. இரவில், என் மீதே வந்தது. இக்கட்டுரை அந்த மூன்று கோபங்களின் விளைவு.

*

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நியாயம் இல்லாத தரப்போடு வாதாடுவது எளிது. இங்கே நிலைமை அப்படியன்று.

வடமராட்சியின் கரையோரத்திலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கும் ஒருவர், ஒரு மெமரி கார்ட் வாங்குவதற்கு யாழ்ப்பாணம் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. முன்பு கொழும்புக்குப் போனால்தான் கிடைக்கும் என்றிருந்த பொருட்கள் இன்று கூரியரில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கடையில் ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் இணையத்தில் இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே விலைதான். கமராவைப் பற்றிக் கேள்வி கேட்கும் பெண்ணிடம், "வீட்டிலை ஆம்பிளையள் ஆரும் வரேல்லையோ?" என்று கேட்கும் கடைக்காரர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இணையக் கடை ஒரு விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை.

நானும் இணையத்தில் வாங்கியவன்தான். முகநூல் பக்கமொன்றில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று என் கமராவுக்கு ஒரு பற்றரி வாங்கினேன். சில மாதங்களில் அது வயிறு ஊதி, கமராவை விட்டு வெளியே வர மறுத்தது. விற்றவரைத் தேடினேன். பக்கமும் இல்லை, விற்றவரும் இல்லை. ஊதிய பற்றரியைப் பக்குவமாக வெளியே எடுத்துத் தந்தவர் மேற்சொன்ன கடைக்காரரே. அப்போதும் அவர் காசு வாங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த இளைஞரைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி என்று இரவில் கேட்டுக்கொண்டது இதனால்தான்.

ஆகவே, "பாவம், உள்ளூர்க் கடைகள், இரக்கப்பட்டு வாங்குங்கள்" என்று உங்களிடம் மன்றாட நான் வரவில்லை. இரக்கத்தில் நடக்கும் வணிகம் ஒரு தீபாவளியைத் தாண்டாது. என் வாதம் வேறு. அந்தக் கடைகள் உண்மையில் விற்பது கமராவை அன்று. அவை விற்பது அறிவையும் உழைப்பையும் பொறுப்பையும். அவற்றை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அந்தச் செலவைப் பெட்டியின் விலைக்குள் ஒளித்து வைத்துத் திருப்பி எடுக்க முயல்கிறார்கள். இணைய வணிகம் பெட்டியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அறிவையும் உழைப்பையும் பொறுப்பையும் அவர்களின் தலையிலேயே விட்டுவிட்டது. இந்தக் கணக்கு நீண்ட நாள் ஓடாது.

*

இந்தக் கணக்கு எப்போது பிசகியது என்பதைப் பார்க்க வேண்டும்.

பிலிம் காலத்தில் கமரா விற்பதில் கடைக்குப் பெரிய இலாபம் இருந்ததில்லை. இலாபம் பிலிம் சுருளில் இருந்தது, கழுவுவதில் இருந்தது, பிரதி எடுப்பதில் இருந்தது. முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு சுருளுக்காக வாடிக்கையாளர் குறைந்தது மூன்று தடவை கடைக்கு வந்தார்: வாங்க ஒரு தடவை, கழுவக் கொடுக்க ஒரு தடவை, படங்களைப் பெற்றுக்கொள்ள ஒரு தடவை. கமராவைப் பற்றி எவ்வளவு நேரம் இலவசமாக விளக்கினாலும் அந்த நேரத்துக்கான கூலி பின்னால் சுருள் சுருளாக வந்து சேர்ந்தது. டிஜிட்டல் கமரா அந்த மூன்று வருகைகளையும் ஒழித்தது. கடைக்காரரின் கையில் எஞ்சியது பெட்டி மாத்திரமே. பிறகு கைத்தொலைபேசி வந்து பெட்டியின் தேவையையே குறைத்தது. உலகெங்கும் கமரா உற்பத்தியாளர்கள் 2010இல் ஏறத்தாழ 12 கோடி டிஜிட்டல் கமராக்களை அனுப்பினார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 85 இலட்சம். பதினான்கு பங்கில் ஒன்றாகச் சுருங்கிய ஒரு சந்தையில், எஞ்சிய அந்தச் சிறு துண்டையும் இணையக் கடைகள் பங்கு கேட்கின்றன.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் வந்த விதியன்று. டிஜிட்டல் கமராவின் முதல் மாதிரியை 1975இல் தன் ஆய்வுகூடத்திலேயே உருவாக்கிய கொடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பிரித்தானியாவில் ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருந்த ஜெசொப்ஸ் நிறுவனத்தின் 187 கடைகளும் 2013 ஜனவரியில் ஒரே நாளில் மூடப்பட்டன. கனடாவில் பிளாக்ஸ் நிறுவனத்தின் 59 கடைகள் 2015 ஓகஸ்டில் மூடப்பட்டன. ரொறன்ரோவில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் பனிக்காலப் படங்கள் அத்தகைய கடைகளில்தான் கழுவப்பட்டிருக்கும்.

ஆனால் நியூயோர்க்கில் 1973இல் தொடங்கிய பி அன்ட் எச் கடை இன்றும் இயங்குகிறது. அது இணையத்திலும் விற்கிறது, கடையிலும் விற்கிறது. கடைக்குள் நிற்பவர்கள் பொருளை அறிந்தவர்கள். பழைய கமராக்களை வாங்குகிறார்கள், சோதித்துத் தரம் பிரித்து விற்கிறார்கள். கடை என்ற அமைப்பே காலாவதியாகிவிட்டது என்போருக்கு அது போதுமான மறுப்பு. காலாவதியானது, பெட்டியைக் கைமாற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்த கடைதான்.

*

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருகிறேன். ஏனெனில் இங்கே இந்தக் கடைகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். அந்த ஆண்டுகளில்தான் நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்தேன். செய்தித்தாள் அச்சிடத் தாள் இல்லாமல் கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை வந்த காலம் அது. கிளாலிக் கடல்வழி வந்தவர்களின் பைகளில் எப்போதாவது வரும் ஒரு பிலிம் சுருள் எனக்குப் பல வாரங்களுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

குண்டு விழுந்த இடத்தில் ஏழு படங்கள் எடுத்திருப்பேன். மீதி இருபத்தொன்பதை வீணாக்க முடியாது. எனக்குப் பழக்கமான ஸ்ரூடியோக்காரர் இருட்டறைக்குள் கையால் தடவிப் பார்த்து, எடுத்த பகுதியை மட்டும் வெட்டிக் கழுவிவிட்டு, மிகுதியைத் திரும்பக் கமராவுக்குள் ஏற்றித் தருவார். சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கன் லாம்பு அவருடைய இருட்டறை விளக்கு. மோட்டார் சைக்கிள் பற்றரியில் எரியும் ஒரு குமிழ்தான் பிரதி எடுக்கும் வெளிச்சம். அதுவும் இல்லாத நாட்களில், யன்னல் பலகையை ஒரு கணம் திறந்து மூடி, பகலவனின் ஒளியிலேயே பிரதி எடுத்தார். இது எந்தக் கைநூலிலும் இல்லாத அறிவு. தேவையும் தொழில்மானமும் சேர்ந்து கற்பித்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெளியேறியபோது, மக்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்த ஸ்ரூடியோக்காரர் தன் இயந்திரங்களை விட்டுவிட்டு, இரண்டு பிஸ்கற் ரின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். உள்ளே இருந்தவை நெகற்றிவ்கள். மற்றவர்களின் திருமணங்கள், மற்றவர்களின் சாமத்தியவீடுகள், மற்றவர்களின் பிள்ளைகள். கொண்டுபோக முடியாமல் விட்டவை, அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. காப்பாற்றிய அந்த இரண்டு ரின்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஒரேயொரு படத்தை மீளப் பெற்றன. வீடு எரிந்த குடும்பங்கள், ஆளை இழந்த குடும்பங்கள், லண்டனிலும் பாரிஸிலும் இருந்து தாயின் முகத்தைக் கேட்டு எழுதிய பிள்ளைகள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். வேறு மாவட்டங்களுக்கும் அது பரவியது. அந்தத் தாய்மாரின் கைகளில் இருக்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, அடையாள அட்டைக்கென எடுத்த முத்திரையளவுப் படத்திலிருந்து பெருப்பிக்கப்பட்டவை. சில, ஒரு குழுப்படத்தின் மூலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. ஒருமுறை ஒரு தாய் கொண்டுவந்த படத்தில் கண்ணிருக்கும் இடத்தில் கறை படிந்திருந்தது. அந்தக் கண்ணைத் திருத்தும்போது ஸ்ரூடியோவில் இருந்த பையன் அந்த அம்மாவை அருகில் இருத்தி, "இப்பிடியோ அம்மா இருந்தது? இன்னும் கொஞ்சம் சின்னனோ?" என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினான். அவர் இல்லை, இல்லை என்று தலையசைத்து, ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு பேசவில்லை.

இந்தச் சேவையை எந்த இணையக் கடையின் எந்தப் பொத்தானில் அழுத்தி வாங்குவீர்கள்? கணினியே இன்று பழைய படங்களைத் திருத்துகிறது என்பீர்கள். திருத்துகிறது. அது ஒரு அழகான கண்ணைப் போடும். அந்தப் பிள்ளையின் கண்ணைப் போடுவதற்கு, அருகில் ஒரு தாயும் அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையுள்ள ஒருவரும் வேண்டும். 1981இல் எரிந்த நூலகத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊர்களின் முகங்கள் அடங்கிய நெகற்றிவ் பெட்டிகள், மூடப்படும் ஒவ்வொரு ஸ்ரூடியோவோடும் குப்பைக்குப் போவதைப் பற்றி யார் பேசுகிறோம்?

*

இனி அந்தப் பதினெட்டாயிரம் ரூபாவுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கமராவைக் கொழும்பு இறக்குமதியாளரிடம் வாங்குகிறார். அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணித்து வருகிறது. நகரின் நடுவே கடை வாடகை, வங்கி வட்டி, மின்கட்டணம், இரண்டு பேரின் சம்பளம். எல்லோரும் தொட்டுப் பார்க்கும் காட்சிக் கமராவை ஈற்றில் விலை குறைத்தே விற்க வேண்டும். 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி, முறையாக இறக்குமதியான பொருளின் விலையில் ஏறி நிற்கிறது. மறுபக்கத்தில், முகவரியற்ற விற்பனையாளர் ஒருவர் பயணப்பெட்டிக்குள் வந்த கமராவை இணையத்தில் விற்கிறார். வரி இல்லை, வாடகை இல்லை, நாளை அவர் இருப்பாரா என்ற உத்தரவாதமும் இல்லை. எல்லா இணைய விற்பனையாளரும் இப்படியானவர்கள் அல்லர். முறையாக வரி செலுத்தி, மொத்தமாக வாங்குவதால் மலிவாக விற்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இரு வகையினரும் ஒரே திரையில் அருகருகே நிற்கிறார்கள். பார்ப்பவரின் கண்ணுக்கு விலை மட்டுமே தெரிகிறது.

2022ஐ மறந்துவிட்டோமா? அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஓகஸ்டில் ஏறத்தாழ 300 வகைப் பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. புதிய கமரா வாங்குவது கனவாகிப்போன அந்த நாட்களில் மணவிழாப் படப்பிடிப்பாளர்கள் எங்கே போனார்கள்? அவர்களின் பழைய கமராக்களைத் திறந்து, உடைந்த ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்த லென்ஸைத் துடைத்து ஓடச் செய்தவர்கள் யார்? இந்தக் கடைக்காரர்களே.

ஒரே வழியால் மட்டும் பொருள் வரும் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய எங்களுக்குப் பாடநூல் தேவையில்லை. படைபலத்தால் திணிக்கப்பட்ட தடையையும் விரும்பி ஏற்கும் வசதியையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் திருத்தத் தெரிந்தவர் ஊரில் இல்லாமல் போனால், அடுத்த நெருக்கடியில் எங்கள் கையில் இருப்பவை அழகான பெட்டிகள் மட்டுமே.

*

இப்போது கடைக்காரர்களுக்கு. நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

கேட்டால்தான் பற்றுச்சீட்டு என்ற பழக்கத்தை யார் உங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்? உத்தரவாதம் என்றால் கடை அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிய ஒரு திகதியா? "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். இணையத்தில் ஏமாற்றப்பட்டவர் உங்களிடம் வர வேண்டும் என்றால், அங்கே கிடைக்காத நம்பிக்கை உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தமிழர் உள்ளே நுழைந்ததும் விலை ஏறுகிறது என்ற முறைப்பாட்டை எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறேன்! அவர் திரும்பி வரமாட்டார். ஊருக்கு வரும் அடுத்தவரிடமும் சொல்லி வைப்பார். அவர் பெட்டிக்குள் கமராவை வைத்துக் கொண்டுவருவதற்கு நீங்களும் ஒரு காரணம்.

என் நண்பரான அந்தக் கடைக்காரருக்கு நேரிலேயே சொன்னதை இங்கும் சொல்கிறேன். நாற்பது நிமிட ஆலோசனைக்கு ஒரு விலை வையுங்கள். பலகையில் எழுதுங்கள். கமராவை உங்களிடமே வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள். வேறிடத்தில் வாங்கிவந்த கமராவைச் சரிசெய்வதற்கும் கட்டணம் எழுதி மாட்டுங்கள். "இதுக்கென்ன காசு" என்பது பெருந்தன்மையாக ஒலிக்கிறது. உண்மையில் அது உங்கள் அறிவுக்கு மதிப்பில்லை என்று நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். பல் வைத்தியரும் சட்டத்தரணியும் உங்களிடம் அப்படிச் சொல்வதில்லை.

விலையுயர்ந்த லென்ஸ்களை நாள் வாடகைக்குக் கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு மணவிழாவுக்காக இலட்சக்கணக்கில் செலவிட்டு லென்ஸ் வாங்கக் கூடியவர்கள் சிலரே. பழைய கமராக்களைச் சோதித்து, குறைகளை மறைக்காமல் எழுதி விற்பனை செய்யுங்கள். அலுமாரிகளில் கிடக்கும் நெகற்றிவ்களையும் வீடியோ நாடாக்களையும் டிஜிட்டலாக மாற்றிக் கொடுங்கள். சாமத்தியவீட்டு வீடியோக் கொப்பி அழிகிறதே என்று ஏங்கும் குடும்பங்கள் ரொறன்ரோவிலிருந்து சிட்னி வரை இருக்கின்றன. அவர்களுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. இணையத்தைத் திட்டும் நீங்கள் இணையத்தில் இருக்கிறீர்களா?

அடுத்தது, சேர்ந்து வாங்குங்கள். யாழ்ப்பாணத்திலும் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் இருக்கும் கடைகள் தனித்தனியே கொழும்பில் கைகட்டி நிற்பதைவிட, பத்துக் கடைகள் ஒன்றாக இறக்குமதியாளரிடம் போனால் விலை வேறாக இருக்கும். மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி நடத்திய மண் இது. பத்துக் கமராக் கடைகள் ஒரு மேசையில் அமர முடியாது என்றால், குற்றம் இணையத்தின் மீது அன்று.

*

அரசுக்கும் ஒரு சொல். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டுக்குரியது. கடைத்தெருவை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். இணையச் சந்தையை நடத்துபவர், தன் திரையில் விற்பவர் யார் என்று அறிந்திருக்கவும் அவர் மறைந்தால் பொறுப்பேற்கவும் சட்டத்தில் தெளிவான கடப்பாடு வேண்டும். இது உலகில் புதுமையன்று. வெளிநாட்டு முதலீட்டில் இயங்கும் இணையச் சந்தைகள், தமக்குப் பங்குள்ள நிறுவனங்களின் பொருட்களைத் தம் மேடையில் விற்பதை 2019 பெப்ரவரி முதல் இந்தியா தடுத்தது. புத்தகத்துக்கு ஒரே விலை என்று 1981இலேயே சட்டம் செய்த பிரான்ஸ், 2023 ஒக்ரோபரில், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தகக் கட்டளைகளுக்கு ஆகக் குறைந்தது 3 யூரோ அனுப்புகூலி அறவிட வேண்டும் என்று விதித்தது. தங்கள் புத்தகக் கடைகள் வீதியில் இருக்க வேண்டும் என்று அந்தச் சமூகம் முடிவு செய்தது. சந்தை தானாக ஓடும் ஆறு அன்று. அணை எங்கே, மதகு எங்கே என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் உரிய படங்களைப் பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோக்களிலேயே எடுக்க வேண்டும் என்று அரசு விதித்தது. பல சிறு ஸ்ரூடியோக்கள் இன்றும் மூடப்படாமல் இருப்பதற்கு அந்த விதி ஒரு முக்கிய காரணம். ஆனால் ஒரு விதியில் தொங்கும் தொழில், அந்த விதி மாறும் நாளில் விழும். அதற்கு முன் வேறு தூண்கள் எழ வேண்டும்.

இறுதியாக, வாசகர்களாகிய உங்களுக்கும் எனக்கும். இணையத்தில் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, கேட்டறிந்து, பிறகு இணையத்தில் வாங்காதீர்கள். அது மலிவாக வாங்குவதன்று. ஒருவரின் உழைப்பை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வது. இணையத்தில்தான் வாங்குவீர்கள் என்றால் இணையத்திலேயே படித்து அறிந்து வாங்குங்கள். அதில் குற்றமில்லை. கடையில் அறிந்தால் கடையில் வாங்குங்கள், அல்லது அறிந்ததற்குக் காசு கொடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும் உறவுகளே, பெட்டிக்குள் கமராவோடு வந்தாலும், வீட்டில் கிடக்கும் பழைய நெகற்றிவ்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஸ்ரூடியோவின் படியேறுங்கள். பேரம் பேசாதீர்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

கடந்த வாரம் அந்தக் கடைக்கு மீண்டும் போனேன். பற்றரியை எடுத்துத் தந்ததற்கான கூலி என்று ஒரு தொகையை மேசையில் வைத்தேன். "என்னண்ணை இது, விசர் வேலை," என்று திருப்பித் தள்ளினார். நானும் விடவில்லை. நெடுநேர வாக்குவாதத்தின் பின் எடுத்து லாச்சிக்குள் போட்டார்.

"பற்றுச்சீட்டு?" என்றேன்.

சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு லாச்சியின் அடியில் கிடந்த புத்தகத்தைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, எழுதத் தொடங்கினார்.